ஹாகியா சோபியா: மரியாளுக்குப் பக்கத்தில் அரபு எழுத்து

கேள்வி: 2018இல் இஸ்தான்புல் போய் ஹாகியா சோபியாவைப் பார்த்தேன். மேலே குழந்தையோடு மரியாள், அருகிலேயே 'அல்லாஹ்', 'முஹம்மது' என்ற பிரம்மாண்ட வட்டப் பலகைகள். கழுத்து வலிக்கும்வரை பார்த்தேன். தேவாலயமாக இருந்த இது 1453இல் மசூதியான பிறகும் அந்த மொசைக் (சிறு வண்ணத் துண்டுகளைப் பதித்துச் செய்த படம்) எப்படித் தப்பியது?

பதில் 1: பல படங்களைச் சுண்ணாம்பு பூசித்தான் மறைத்தார்கள். அந்தப் பூச்சே பாதுகாப்பாகிவிட்டது. 1931 முதல் சுரண்டி வெளியே எடுத்தார்கள்.

பதில் 2: எனக்குப் படங்களைவிடக் குவிமாடம்தான். கட்டடம் 537இல் முடிந்தது; முதல் குவிமாடம் 558இல் இடிந்து, மறுபடி கட்டியதுதான் இது. அகலம் சுமார் 31 மீட்டர், அடியில் 40 ஜன்னல்! அந்த வெளிச்சத்தில் கூரை மிதக்கும். இதை ஊன்றிப் படித்த ஒட்டோமான் கட்டடக் கலைஞர் சினான்தான் சுலைமானியே மசூதியைக் கட்டினார்.

கேட்டவர்: சரி, அடுத்த முறை சுலைமானியேவில் ஒரு முழு நாள்.