25 கிலோவாட் எண்ணெய் பர்னர் வடிவமைப்பு: சுடர் நாசிலை விட்டு விலகி எரிகிறது, எதை மாற்ற வேண்டும்?

அனற்கலன்:

வணக்கம். வெந்நீர் மூலம் அறைகளை வெப்பமூட்டும் பாய்லர் ஒன்றுக்காக, டீசலை ஒத்த இலகு எண்ணெயில் எரியும் பர்னரை வடிவமைத்து வருகிறேன். பாய்லர் தண்ணீருக்குக் கொடுக்க வேண்டிய வெப்பம் 25 கிலோவாட். அதன் எரியறை படுக்கைவாட்டில் அமைந்த உருளை. உள்விட்டம் 300 மி.மீ., நீளம் 450 மி.மீ. எண்ணெய்ப் பக்கத்தில் எனக்குப் பெரிய குழப்பம் இல்லை. பல்சக்கர பம்ப், மின்சாரத்தால் திறந்து மூடும் சொலினாய்டு வால்வு, 60 பாகைத் தெளிப்புக் கோணம் கொண்ட 0.60 கேலன் நாசில் ஆகியவற்றை வாங்கிப் பொருத்திவிட்டேன். காற்றுப் பக்கம்தான் பிடிபடவில்லை. 100 மி.மீ. விட்டமுள்ள நேர்க்குழாயின் நடுவில் நாசிலை வைத்து, பின்னாலிருந்து ப்ளோயர் காற்றை ஊதும்படி செய்திருக்கிறேன்.

சுடர் நாசிலிலிருந்து ஒரு சாண் தள்ளித்தான் பற்றுகிறது. காற்றைக் கூட்டினால் அது இன்னும் விலகிப்போய் அணைந்துவிடுகிறது. குறைத்தால் மஞ்சளாக நீண்டு எதிர்ச்சுவரில் கரியை அப்புகிறது. இரண்டுக்கும் நடுவே நிலையாக எரியும் இடமே கிடைக்கவில்லை. இன்னும் பெரிய ப்ளோயர் போட வேண்டுமா, அல்லது நாசிலை மாற்ற வேண்டுமா? கட்டுப்பாட்டுக்கு ஒரு மைக்ரோகண்ட்ரோலரில் நானே நிரல் எழுதலாம் என்றிருக்கிறேன். இதே பர்னரில் பழைய எஞ்சின் எண்ணெயை எரிக்க முடியுமா என்பதையும் தெரிந்துகொள்ள விரும்புகிறேன்.

சுடர்நிலை:

ப்ளோயரையும் நாசிலையும் இப்போதைக்கு விட்டுவிடுங்கள். எண்ணெய்ப் பக்கத்தை முழுமையாகக் கடையில் வாங்கிவிடலாம். பர்னர் வடிவமைப்பு என்று நாம் சொல்வதில் பெரும்பகுதி, காற்று குழாயின் வாயைத் தாண்டும் அந்தச் சில சென்டிமீட்டருக்குள் அடங்கிவிடுகிறது. உங்கள் வரைபடத்தில் அந்த இடம் வெறுமையாக இருக்கிறது.

கணக்கைப் பாருங்கள். பாய்லரின் திறன் 90 விழுக்காடு என்று கொண்டால், பர்னர் 27.8 கிலோவாட் வெப்பத்தை வெளியிட வேண்டும். இலகு எண்ணெயின் நிகர வெப்ப மதிப்பு கிலோவுக்குச் சுமார் 11.86 கிலோவாட் மணி. ஆகவே மணிக்கு 2.34 கிலோ எண்ணெய் தேவை. நாசிலின் மீது பொறித்திருக்கும் கேலன் அளவு 7 பார் அழுத்தத்தில் மணிக்கு எத்தனை அமெரிக்க கேலன் என்பதைக் குறிக்கிறது; ஓட்டம் அழுத்தத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்து உயரும் என்பதால், உங்கள் 0.60 நாசில் 10.5 பார் அழுத்தத்தில் ஏறக்குறைய இதே 2.34 கிலோவைத் தரும். எனவே நாசில் சரியானதுதான்.

ஒரு கிலோ எண்ணெய் முழுமையாக எரியக் குறைந்தபட்சம் 11.2 கன மீட்டர் காற்று வேண்டும். 20 விழுக்காடு மிகைக்காற்று சேர்த்தால் மணிக்குச் சுமார் 31 கன மீட்டர். இது 0 பாகை செல்சியஸ் வெப்பநிலைக்கான கணக்கு, 20 பாகை வெப்பநிலைக்கு 34 கன மீட்டர் என்று கொள்ளுங்கள். இந்தக் காற்று உங்கள் 100 மி.மீ. குழாயில் நொடிக்கு 1.2 மீட்டர் வேகத்தில்தான் நகர்கிறது. நாசிலிலிருந்து பாயும் துளிகளோ அதைவிடப் பல மடங்கு வேகமானவை. மெல்ல நகரும் காற்றுக்குள் அவை தனியாகக் கிழித்துக்கொண்டு போய், வெகுதூரத்தில்தான் ஆவியாகிக் கலக்கின்றன. அதனால்தான் சுடர் அவ்வளவு தள்ளிப் பற்றுகிறது. காற்றைக் கூட்டும்போது கலவை மேம்படுவதில்லை. ஏற்கெனவே பிடிமானம் இல்லாத சுடரை அது மேலும் தள்ளிவிடுவதோடு சரி.

வேண்டியது டிஃப்யூசர் தட்டு. நடுவில் எண்ணெய்த் தெளிப்பு கடந்து போக ஒரு துளை, அதைச் சுற்றிக் காற்றைச் சுழற்றி விடும் சாய்ந்த பிளவுகள், தட்டின் விளிம்புக்கும் குழாயின் வாய்க்கும் இடையே ஒரு வளைய இடைவெளி என்று அதன் அமைப்பு இருக்கும். தட்டின் முன்முகத்தில் அழுத்தம் குறைந்து, எரிந்த சூடான வாயு பின்னோக்கித் திரும்பி நாசிலின் அருகே வந்துகொண்டே இருக்கும். புதிதாக வரும் துளிகளை ஒவ்வொரு கணமும் பற்றவைப்பது அந்தத் திரும்பும் வாயுதான். மின்பொறி தொடக்கத்துக்கு மட்டுமே தேவை.

தட்டின் அளவை அழுத்த வீழ்ச்சியிலிருந்து பெறலாம். தட்டின் இருபுறமும் 300 பாஸ்கல் வேறுபாடு இருக்கட்டும். அப்போது காற்றின் வேகம் நொடிக்கு 22 மீட்டர் அளவுக்கு உயர்கிறது. வெளியேற்றக் கெழு (கணக்குப்படி போக வேண்டிய காற்றில் துளை வழியே உண்மையில் போகும் பங்கு) 0.7 எனக் கொண்டால், துளை, பிளவுகள், வளைய இடைவெளி எல்லாம் சேர்ந்த திறந்த பரப்பு வெறும் 6 சதுர சென்டிமீட்டர். அதில் 2.5 சதுர சென்டிமீட்டரை நடுத்துளைக்கும் பிளவுகளுக்கும் ஒதுக்கி, குழாயின் வாயை 63 மி.மீ. அளவுக்குக் கூம்பாகக் குறுக்கினால், வளைய இடைவெளி 1.8 மி.மீ. தான் வரும். தட்டை முன்னும் பின்னும் நகர்த்தும்படி அமையுங்கள். கூம்புக்குள் அது நகரும்போது இடைவெளி மாறும், அதுவே உங்கள் முதன்மையான திருத்தக் கருவி. ப்ளோயரைப் பொறுத்தவரை, எரியறையின் எதிரழுத்தம், டேம்பரிலும் (காற்றின் அளவைக் கூட்டிக் குறைக்கும் தடுப்பு) குழாயிலும் ஏற்படும் இழப்பு ஆகியவற்றையும் சேர்த்து 34 கன மீட்டரில் 400 பாஸ்கல் தரக்கூடியது போதும். அந்தக் காற்றை நகர்த்தும் வேலை மட்டும் பார்த்தால் 4 வாட்டுக்கும் குறைவு என்பது பலருக்கும் வியப்பாக இருக்கும்.

பழைய எஞ்சின் எண்ணெய் இந்த பர்னரில் வேண்டாம். அதன் பாகுத்தன்மைக்கு அழுத்த நாசில் ஒத்துவராது. முன்கூட்டியே சூடாக்கி, அழுத்தக் காற்றால் தெளிக்கும் வேறு வகை பர்னர் அதற்கு வேண்டும்.

எண்ணெய்த்துளி:

சுடர்நிலை சொன்னதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நாசிலை இப்படியே விட்டுவிடலாம் என்பதில் எனக்குச் சற்று மாறுபட்ட கருத்து உண்டு. துளி ஆவியாக எடுக்கும் நேரம் அதன் விட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. சுடருக்குள் 80 மைக்ரான் துளி தோராயமாக 6 மில்லிநொடியில் தீர்ந்துவிடும். 160 மைக்ரான் துளிக்கு 25 மில்லிநொடி ஆகும். சராசரி வேகம் நொடிக்கு 15 மீட்டர் என்றால் முதலாவது 10 சென்டிமீட்டருக்குள் முடிந்துபோகிறது, இரண்டாவது 38 சென்டிமீட்டர் வரை போகிறது. எரியறை 45 சென்டிமீட்டர்தான். எதிர்ச்சுவரில் கரி அப்புவதில் சராசரித் துளியை விட, தெளிப்பில் இருக்கும் சில பெரிய துளிகளுக்கே பங்கு அதிகம்.

அழுத்தத்தை உயர்த்தினால் துளிகள் நுணுகும். 0.50 நாசிலை 15 பாரில் ஓட்டினாலும் ஓட்டம் அதே 2.33 கிலோதான், ஆனால் தெளிப்பு நன்றாக நுணுகியிருக்கும். நானாக இருந்தால் அதைத்தான் தேர்ந்தெடுப்பேன். கோணம் 60 பாகையே இருக்கட்டும். 80 பாகை எடுத்தால், காற்று மடக்காதவரை, 18 சென்டிமீட்டரிலேயே தெளிப்பு பக்கச்சுவரைத் தொட்டுவிடும். குளிர்ந்த நீர் ஓடும் சுவரில் பட்ட எண்ணெய் எரியாமல் கரியாகவே படியும்.

சுடர்நிலை:

நுணுக்கம் கிடைக்கும் என்பது உண்மைதான், ஆனால் நாசில் சிறியதாக ஆக, அதன் உள்ளே இருக்கும் சுழற்றுப் பள்ளங்கள் தூசியால் அடைபடும் வாய்ப்பும் கூடுகிறது. பள்ளங்களில் ஒன்று பாதி அடைந்தாலே தெளிப்பு ஒரு பக்கமாகச் சாயும். 0.55 நாசிலை 12.5 பாரில் ஓட்டுவது நடுவழி, ஓட்டம் மாறாது. எதை எடுத்தாலும் உறிஞ்சுகுழாயில் ஒரு ஃபில்டரும், நாசிலின் சொந்த ஃபில்டரும் கட்டாயம் இருக்க வேண்டும்.

காப்புச்சுற்று:

மைக்ரோகண்ட்ரோலரைப் பற்றி யாரும் சொல்லவில்லை என்பதால் எழுதுகிறேன். தயவுசெய்து அதைத் தவிர்த்துவிடுங்கள். உங்கள் எரியறையின் கொள்ளளவு ஏறத்தாழ 32 லிட்டர். ஒரு கிராம் எண்ணெய்க்கு 11.2 லிட்டர் காற்று என்றால், அந்த அறை முழுவதையும் வெடிக்கத் தக்க கலவையால் நிரப்ப 3 கிராமுக்கும் குறைவான எண்ணெய் ஆவியே போதும். உங்கள் நாசில் அதை ஐந்து நொடிக்குள் தந்துவிடும். பொறி தாமதமாக வந்தால், கதவு பெயர்ந்து வரும் அளவுக்கு அது ஒரே அடியாகப் பற்றும்.

ஐரோப்பியத் தரமான ஈஎன் 267 இத்தகைய பர்னர்களுக்கானது. கட்டுப்பாட்டுப் பெட்டிகளுக்கு முன்பு ஈஎன் 230 இருந்தது, 2012-இல் அதன் இடத்துக்கு ஈஎன் 298 வந்தது. மணிக்கு 30 கிலோ வரையிலான பர்னர்களில், வால்வு திறந்த பின் சுடர் தெரியாவிட்டால் 10 நொடிக்குள் எண்ணெயை நிறுத்திவிட வேண்டும் என்பது விதி. ஆனால் நேரத்தை எண்ணுவது எளிய பகுதி. சுடரின் வெளிச்சத்தை உணரும் போட்டோசெல் பழுதாகி எப்போதும் வெளிச்சம் இருப்பதாகவே சொன்னால் என்ன நடக்கும், வால்வு ரிலேயின் முனை ஒட்டிக்கொண்டால் என்ன நடக்கும் என்பவைதான் கடினமான கேள்விகள். சான்றிதழ் பெற்ற கட்டுப்பாட்டுப் பெட்டி, எண்ணெய் வருவதற்கு முன்பு ப்ளோயர் மட்டும் ஓடும் நேரத்திலேயே போட்டோசெல் வெளிச்சத்தைக் காட்டுகிறதா என்று பார்த்து, காட்டினால் தொடங்க மறுத்துவிடும். இந்த வகைத் தன்பரிசோதனைகளை வீட்டில் எழுதிய நிரலில் முழுமையாகக் கொண்டுவருவது நடக்கும் காரியம் அன்று. பெட்டியை வாங்கிக்கொண்டு, உங்கள் மைக்ரோகண்ட்ரோலரை வெப்பநிலையைப் பதிவு செய்யவும், பர்னரை எப்போது இயக்க வேண்டும் என்று அந்தப் பெட்டியிடம் கேட்கவும் மட்டும் பயன்படுத்துங்கள்.

அனற்கலன்:

மூவருக்கும் நன்றி. கட்டுப்பாட்டுப் பெட்டியை வாங்கிவிட்டேன். தட்டைக் கடைந்து, குழாயின் வாயைக் குறுக்கி, 0.55 நாசிலைப் பொருத்தினேன். சுடர் இப்போது தட்டின் முகத்திலேயே நிற்கிறது. காற்றைக் கூட்டினாலும் விலகவில்லை. புகைவாயுவில் ஆக்சிஜன் 3.8 விழுக்காடு, கரியளவு, புகையின் கருமையை 0 முதல் 9 வரை குறிக்கும் பக்கராக் அளவுகோலில் 1. ஆனால் இரண்டு குறைகள் இருக்கின்றன. தட்டின் வலப்பக்கத்தில் மட்டும் பிறை வடிவில் கரி படிகிறது. இன்னொன்று, குளிர்ந்த காலையில் முதல் முறை பற்றும்போது சிறிது நேரம் கருப்புப் புகை வருகிறது, நிறுத்திய பின்பும் நாசில் சில துளிகளைச் சொட்டுகிறது.

சுடர்நிலை:

பிறைக்கரிக்கு முதலில் தட்டு மையத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். 1.8 மி.மீ. இடைவெளியில் தட்டு அரை மி.மீ. வலப்பக்கம் விலகினாலே ஒருபுறம் 1.3, மறுபுறம் 2.3 என்றாகிறது, வலப்பக்கத்துக்குக் காற்று போதாமல் அங்கே கரி படிவது இயல்பு. கண்ணால் பார்த்தால் தெரியாது, ஃபீலர் கேஜ் (இடைவெளியை அளக்கும் மெல்லிய உலோகத் தகடுகள்) கொண்டு நான்கு இடங்களில் அளக்க வேண்டும். தட்டு சரியாக இருந்தால் நாசிலைக் கால் சுற்று திருப்பிப் பாருங்கள். பிறையும் உடன் திரும்பினால் குற்றம் நாசிலுடையது. மின்முனைகளையும் கவனியுங்கள். அவற்றின் நுனிகளுக்கு இடையே 3 முதல் 4 மி.மீ. இருக்கலாம், ஆனால் தெளிப்பு அவற்றைத் தொடக் கூடாது, தட்டுக்கான தூரம் நுனிகளின் இடைவெளியை விட அதிகமாக இருக்க வேண்டும், இல்லையென்றால் பொறி தட்டின் மீது பாயும்.

3.8 விழுக்காடு ஆக்சிஜன் நல்ல எண்தான். எனினும் அதை எந்தப் பருவத்தில் அளந்தீர்கள் என்பது முக்கியம். 0 பாகையில் 20 விழுக்காடு மிகைக்காற்றுக்குத் திருத்திய பர்னர், காற்று 30 பாகை ஆகும்போது அடர்த்தி குறைவதால் 8 விழுக்காட்டுக்கு இறங்கிவிடும். அங்கே கரி உறுதி. குளிரில் திருத்துபவர்கள் டேம்பரைச் சற்றுத் தாராளமாகவே திறந்து வைப்பார்கள்.

எண்ணெய்த்துளி:

காலைப் புகைக்குக் காரணம் குளிர்ந்த எண்ணெய். பாகுத்தன்மை கூடும்போது நாசிலுக்குள் சுழல் தளர்ந்து, துளையின் நடுவே இருக்கும் காற்றுக்குழல் சுருங்குகிறது. விளைவாகத் துளிகள் பெருப்பதோடு, ஓட்டமும் குறைவதற்குப் பதிலாகக் கூடுகிறது. அதாவது காற்று அதே அளவில் இருக்க, எண்ணெய் மட்டும் அதிகமாகிறது. நாசில் தாங்கியில் சிறிய மின்சூடேற்றியைப் பொருத்தி எண்ணெயை 60 பாகை அளவுக்குக் கொண்டுவந்தால் இது தீரும். சூடான எண்ணெயின் ஓட்டம் சற்றுக் குறையும் என்பதால், பொருத்திய பின் டேம்பரை மீண்டும் அளந்து திருத்துங்கள்.

சொட்டுவது பெரும்பாலும் நாசில் குழாயில் சிக்கிய காற்றுக் குமிழால். வால்வு மூடியதும், அழுத்தத்தில் சுருங்கியிருந்த குமிழ் விரிந்து எண்ணெயை வெளியே தள்ளுகிறது. உறிஞ்சுபக்கத்து இணைப்புகளில் கசிவு இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகச் சோதியுங்கள், பம்பின் உறிஞ்சு வெற்றிடம் 0.4 பாரைத் தாண்டவும் விடாதீர்கள். தாண்டினால் எண்ணெயில் கரைந்திருக்கும் வாயுவே பிரிந்து குமிழாகும். கசிவு எதுவும் இல்லை என்று உறுதியானால் மட்டும் சொலினாய்டு வால்வை நாசிலுக்கு நெருக்கமாக மாற்றுங்கள். எரியறையின் சூட்டில் விரிவடையும் எண்ணெயின் அளவும் அப்போது குறையும்.