சான் ஃபிரான்சிஸ்கோவில் ஓட்டுநர் இல்லாத டாக்ஸி: ஏறி இறங்கும் விவரங்கள் (மூவர் எழுதியவை)

தெருவிளக்கு:
வேமோ (கூகுளின் தானோட்டிக் கார் திட்டத்திலிருந்து வந்த நிறுவனம்) வண்டி வரும்போது கூரைக் குமிழில் உங்கள் பெயரின் முதலெழுத்துகள் ஒளிரும். ஒரே தெருவில் இரண்டு மூன்று வெள்ளை ஜாகுவார் கார் நிற்கும், எழுத்தைப் பார்த்த பிறகே கிட்டே போங்கள். பூட்டை போனில் உள்ள வேமோ செயலியில்தான் திறக்க வேண்டும். கதவோடு படிந்திருக்கும் கைப்பிடி அப்போதுதான் வெளியே வரும். பெல்ட் போட்டு, பின்சீட்டுத் திரையில் தொடங்கும் பொத்தானை அழுத்துங்கள். இறங்கியதும் கதவை அழுத்திச் சாத்துங்கள். அரைகுறையாகச் சாத்தினால் வண்டி அங்கேயே நின்று பின்னால் வரும் பஸ்ஸை மறிக்கும்.

நாலாம்கியர்:
அந்த ஜாகுவாரில் கேமரா 29, லைடார் (லேசர் ஒளியால் தூரம் அளக்கும் கருவி) 5, ரேடார் (ரேடியோ அலையால் அளப்பது) 6. மூன்று வகையும் தேவைதான். சிக்னலின் நிறம் கேமராவுக்குத்தான் தெரியும், ஆனால் எதிர்வெயிலில் அது திணறும். லைடார் இருட்டிலும் தூரத்தைத் துல்லியமாக அளக்கும், ஆனால் அந்த ஊரின் அடர்ந்த மூடுபனியில் லேசர் ஒளி சிதறிவிடும். பனியை ஊடுருவும் ரேடார் வேகத்தைச் சொல்லும், உருவத்தைத் தெளிவாகச் சொல்லாது.

சந்தேகம் வந்தால் வண்டி ஊழியரிடம் கேட்கும், சில நேரம் நின்றும் விடும். தொலைவில் இருக்கும் ஊழியர் ஸ்டீயரிங்கைப் பிடிப்பதில்லை. வண்டி கேட்கும் கேள்விக்குப் பதில் சொல்வார், ஓட்டுவது வண்டியேதான். 2025 டிசம்பர் 20 அன்று சான் ஃபிரான்சிஸ்கோவில் வந்த மின்தடையில் சிக்கல் வந்தது இந்தக் கேள்வி பதிலில்தான். சிக்னல் அணைந்த சந்திப்பை நாலு பக்கமும் நின்று போக வேண்டிய இடமாக எடுத்துக்கொள்ள வண்டிக்குத் தெரியும். ஆனாலும் சில நேரம் ஊழியரிடம் உறுதி கேட்டது. நிறைய வண்டிகள் ஒரே நேரத்தில் கேட்டதால் பதில் தாமதமாகி, வண்டிகள் நடுச்சந்தியில் நின்றன. நிறைய வண்டி ஓடும் நகரத்தில் இப்படி ஒவ்வொன்றும் அனுமதி கேட்டுக்கொண்டிருக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

வெள்ளைக்கோல்:
பலன் பற்றி யாரும் எழுதவில்லையே! 2015இல் ஆஸ்டின் நகரச் சாலையில் ஸ்டீயரிங்கே இல்லாத கூகுள் காரில் தனியாகப் பயணித்தவர் பார்வையற்றவர். பார்வையற்றோருக்கு இந்த வண்டி பெரிய விடுதலை. வழிகாட்டி நாயைக் கண்டதும் ஏற்ற மறுக்கும் ஓட்டுநர் இதில் இல்லை. வண்டி எங்கே நிற்கிறது என்று தெரியாவிட்டால் செயலியிலிருந்தே ஹாரன் அடிக்க வைக்கலாம், சத்தம் வரும் திசையில் போகலாம்.

இறங்கிய பிறகுதான் கஷ்டம். வண்டி நிறுத்த இடம் கிடைத்த பக்கத்தில் விடும், அது சாலையின் எதிர்ப்பக்கமாகவும் இருக்கலாம். கைபிடித்துக் கடக்கவைக்க ஆள் இருக்காது. அதனால் கிளம்பும் முன்பே இறங்கும் புள்ளியை வரைபடத்தில் கட்டடம் இருக்கும் பக்கத்துக்கு நகர்த்தி வையுங்கள்.