மொன்றியல் வேலையை ஏற்கலாமா? அங்கே இருப்பவர்கள் சொல்லுங்கள்

வணக்கம். டொரன்டோவில் வேலை அனுமதியில் இருக்கிறோம். நிரந்தர வதிவிடத்துக்காக, கனடா மத்திய அரசின் எக்ஸ்பிரஸ் என்ட்ரி தேர்வு முறையில் பெயர் கொடுத்துவிட்டு அழைப்புக்காகக் காத்திருக்கையில், கணவருக்கு மொன்றியலில் நல்ல வேலை வந்திருக்கிறது. சிக்கல் என்னவென்றால், மொன்றியல் இருக்கும் கியூபெக் மாகாணத்தில் குடியேற நினைப்பவர்களுக்கு எக்ஸ்பிரஸ் என்ட்ரி கிடையாது. அரிமா என்ற கியூபெக் அரசின் குடியேற்ற இணையதளத்தில் புதிதாகப் பதிந்து, மாகாணத்தின் தேர்வுச் சான்றிதழ் வாங்கிய பிறகே நிரந்தர வதிவிடம் கேட்க முடியும். அவருடைய தொழிலுக்குப் பேச்சுப் பிரெஞ்சில், கியூபெக்கின் பன்னிரண்டு நிலை அளவுகோலில், ஏழாம் நிலை தேவை. மனிதர் இன்னும் 'போன்ஜூர்' தாண்டவில்லை! கியூபெக்கில் படித்தவர்கள், வேலை செய்தவர்கள் எனப் பலருக்குக் கைகொடுத்த பெக் (PEQ) குடியேற்றத் திட்டத்தையும் 2025 நவம்பரில் மூடிவிட்டார்கள்.

வாடகை குறைவு என்பதுதான் இழுக்கிறது. வேலை பார்த்துக்கொண்டே ஏழாம் நிலையை எட்டியவர்கள் இருக்கிறீர்களா? அரசின் இலவச வகுப்புகள் மட்டும் போதுமா? இரண்டாம் வகுப்பு படிக்கும் மகள் பிரெஞ்சுப் பள்ளியில் தாக்குப்பிடிப்பாளா? இந்த மாத இறுதிக்குள் நிறுவனத்துக்குப் பதில் சொல்லியாக வேண்டும்.