டிசபிலிட்டி பென்ஷன் மேல்முறையீடு: விவரம் தெரிந்தவர்கள் வழி சொல்லுங்கள்

வணக்கம். மன்னார்குடிப் பக்கம் எங்கள் ஊர். சித்தப்பா ராணுவத்தில் பீரங்கிப் படையில் இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வின்போது பார்த்த மருத்துவக் குழு, செவித்திறன் இழப்பு 30 சதவீதம் என்று எழுதிவிட்டு, ‘பணியால் ஏற்பட்டதல்ல’ என்றும் சேர்த்துவிட்டது. அதனால் டிசபிலிட்டி பென்ஷன் (உடல் குறைபாட்டுக்கான ஓய்வூதியம்) கிடைக்கவில்லை. பீரங்கிக்குப் பக்கத்தில் நின்றவருக்கு வேறு எதனால் காது போகுமாம்?

முதல் மேல்முறையீடு அனுப்பியபின் குறுவையும் சம்பாவும் அறுத்தாகிவிட்டது. ‘பரிசீலனையில் உள்ளது’ என்பதற்கு மேல் பதில் இல்லை.

படையில் சேரும்போது குறிக்கப்படாத குறைபாட்டைப் பணியால் வந்ததாகவே கருத வேண்டும் என்று 2013-இல் தரம்வீர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியிருக்கிறது. ஆறு மாதம் முடிவு வராவிட்டால் ராணுவத்தினரின் பணி வழக்குகளை விசாரிக்கும் ஆயுதப் படைத் தீர்ப்பாயத்தை அணுகச் சட்டமும் இடம் தருகிறது. சென்னை அமர்வில் இப்படி மனுச் செய்தவர்கள் இருக்கிறீர்களா? மருத்துவக் குழு அறிக்கையின் நகலை எப்படிப் பெற்றீர்கள்? தஞ்சாவூர், திருவாரூர்ப் பக்கம் இதில் பழகிய வழக்கறிஞர் இருந்தால் சொல்லுங்கள். சித்தப்பாவுக்குப் போனில் பேசினால் கேட்காது. எனக்குத் தனிச்செய்தி அனுப்புங்கள்.