மூன்று மாதத்துக்கு ஒரு செல்: பள்ளிவாசல் கடிகாரம் ஏன் ஜனவரி முதல் தேதிக்கே ஓடுகிறது?

கச்சான்கரை:

கீழக்கரையில் கடலுக்குக் கல்லெறி தூரத்தில் இருக்கிறது எங்கள் பள்ளிவாசல். அங்கே தொழுகை நேரம் காட்டும் மின்னணுப் பலகையைப் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு. பாங்கு சொல்லும் மோதினார் என் தாய்மாமா. அந்த உறவில் தலையில் விழுந்த, சம்பளமில்லாத வேலை.

மின்சாரம் போய்த் திரும்பினால் பலகை 00:00 என்று நிற்கிறது. நகர்வதுகூட இல்லை. தேதி 01-01-00. தேதியை வைத்துத்தான் அது நேரங்களைக் கணக்கிடுகிறது என்பதால் சூரியன் மறைந்ததும் தொழும் மஃரிபும் ஜனவரிக் கணக்குக்குப் போய்விடுகிறது. இந்த ஜூன் மாதத்தில் சூரியன் மறைவது அதைவிட ஏறக்குறைய அரை மணி நேரம் பிந்தி. போன வாரம் மாமா பலகையை நம்பாமல் மேற்கே வானத்தைப் பார்த்துவிட்டுப் பாங்கு சொன்னார், மானம் தப்பியது. நாங்கள் பதிந்து வைத்த இகாமத் நேரங்களும், அதாவது கூட்டுத் தொழுகை தொடங்கும் நேரங்களும், சேர்ந்தே அழிந்துவிடுகின்றன.

உள்ளே இருப்பது நேரத்தை எண்ணும் டி.எஸ்.1307 சிப், மின்சாரம் இல்லாதபோது அதை ஓட்டும் சி.ஆர்.2032 பொத்தான் செல். இந்த ஆண்டில் இது இரண்டாவது செல். கழற்றி அளந்தால் 1.7 வோல்ட். இதே பலகை மதுரையில் என் மச்சான் தெருப் பள்ளிவாசலில் நான்கு வருடமாக ஒரே செல்லில் ஓடுகிறது. எங்கள் பலகைக்கு மட்டும் என்ன கேடு?

வைகைக்கரை:

மலிவு செல்லாக இருக்கும். பேசாமல் சார்ஜ் ஏறும் எல்.ஐ.ஆர்.2032 போட்டுவிடுங்கள், தொல்லை விட்டது.

பாம்பன் பழைய ரேடியோ:

வைகைக்கரை சொன்னதைச் செய்துவிடாதீர்கள் தம்பி. சார்ஜ் ஏறும் செல் முழுதாக நிறைந்தால் 4.2 வோல்ட். இந்தச் சிப்புக்கு செல் பக்கம் 3.5 வோல்ட்டுக்கு மேல் ஆகாது. அதைவிட வேடிக்கை ஒன்று உண்டு. வெளி மின்சாரம் செல் அழுத்தத்தைப் போல் ஒன்றேகால் மடங்குக்குக் கீழே இறங்கினால், "கரண்ட் போகிறது" என்று முடிவு கட்டி இந்தச் சிப் கதவைச் சாத்திக்கொள்ளும், யாரோடும் பேசாது. மின்சாரம் சாகும் நேரத்தில் குப்பை எதையும் எழுதி நேரத்தைக் கெடுத்துவிடக் கூடாது என்பதற்கான ஏற்பாடு அது. 3 வோல்ட் செல்லுக்கு அந்த எல்லை 3.75. 4.2 வோல்ட் செல்லுக்கு 5.25. உங்கள் பலகை கொடுப்பதோ 5. செல் நிறைய நிறையக் கடிகாரம் ஊமையாகும். ஒரு படகுக்காரரின் பெட்டியில் இதைக் கண்டுபிடிக்க எனக்கு இரண்டு நாள் பிடித்தது.

இனி உங்கள் நோய். வெளி மின்சாரம் இல்லாதபோது இந்தச் சிப் செல்லிலிருந்து எடுப்பது அரை மைக்ரோ ஆம்பியருக்குள்தான். பக்கத்தில் அரிசி போல ஒரு படிகம் இருக்கும், நொடிக்கு 32,768 முறை அதிரும். அந்த எண்ணைப் பதினைந்து முறை பாதியாக்கினால் ஒன்று, அதாவது ஒரு நொடி. பாதியாக்குவதும் எண்ணுவதும் தவிர அதற்கு வேறு வேலை இல்லை, அதனால்தான் அவ்வளவு சிறிய தீனி. சி.ஆர்.2032இல் சுமார் 220 மில்லி ஆம்பியர் மணி இருக்கிறது. வகுத்துப் பார்த்தால் ஐம்பது வருடம் வரும். செல் தானே அதற்கு முன் மூப்படைந்துவிடும், அது வேறு.

மூன்று மாதத்தில் தீர்கிறது என்றால் சிப் குடிக்கவில்லை, வேறெதுவோ குடிக்கிறது. கச்சான் என்னும் கடற்காற்றில் வரும் உப்புத்தான் அது என்று பந்தயம் கட்டுகிறேன். வெறும் உப்பு மின்சாரத்தைக் கடத்தாது. ஆனால் அது இரவின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும், அப்போது செல் தாங்கியின் இரு முனைகளுக்கும் நடுவே கண்ணுக்குத் தெரியாத ஒரு கம்பி போட்ட மாதிரி ஆகிவிடும். பலகைக்கு மின்சாரம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் இந்த ஒழுக்கு நிற்காது.

சோதித்துவிடலாம். பலகையின் மின்சாரத்தை நிறுத்திப் பிளக்கைப் பிடுங்குங்கள், பெட்டிக்குள் 230 வோல்ட் வருகிறது. பிறகு செல்லோடு தொடராக 1 கிலோ ஓம் மின்தடை ஒன்றை வையுங்கள். அதன் இரு முனைகளில் மல்ட்டிமீட்டரை 200 மில்லிவோல்ட் அளவில் வைத்துப் படியுங்கள். ஒரு மில்லிவோல்ட் என்றால் ஒரு மைக்ரோ ஆம்பியர். படித்த எண்ணை இங்கே எழுதுங்கள். வெயில் ஏறும் முன், காலையில் அளப்பது நல்லது.

கச்சான்கரை:

காக்கா, விடியற்காலை சுபுஹு முடிந்த கையோடு திறந்து பார்த்தேன். செல் தாங்கியின் கீழ்த்தகட்டில் பச்சைக் களிம்பு. அதிலிருந்து படிகத்தின் கால்வரை நத்தை ஊர்ந்த தடம் போல வெள்ளையாக ஒரு கோடு. புதுச் செல்லை வைத்து அளந்தேன்: 118.

மதுரை மச்சானையும் அவர்கள் பலகையில் அளக்கச் சொன்னேன். 0.4.

பாம்பன் பழைய ரேடியோ:

118 மைக்ரோ ஆம்பியர் என்றால் 220 மில்லி ஆம்பியர் மணிக்கு 1,864 மணி நேரம், 78 நாள். உங்கள் கணக்கோடு ஒத்துப்போகிறது பாருங்கள்.

செல்லை எடுத்துவிட்டு ஐசோபுரொபைல் ஆல்கஹாலும் பழைய பல் துலக்கும் பிரஷும் கொண்டு அந்த இடத்தைத் தேயுங்கள். சிப்பின் கால்களுக்கு இடையிலும் தேய்க்க வேண்டும். களிம்பு விடாவிட்டால் தாங்கியையே மாற்றுங்கள், பத்து ரூபாய்ச் சமாச்சாரம். ஒரு பகல் முழுக்கக் காயட்டும். பிறகு மேலே தடவ, மின் பலகைகளுக்கென்றே விற்கும் காப்புப் பூச்சு வாங்குங்கள். செல் தொடும் தகட்டில் மட்டும் பட்டுவிடக் கூடாது, பட்டால் தொடர்பே கிடைக்காது. அவசரத்துக்கு நகப்பூச்சு அடிப்பவர்களும் உண்டு. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை.

வைகைக்கரை:

செல் விஷயத்தில் தவறாகச் சொல்லிவிட்டேன், மன்னிக்கவும். ஆனால் டி.எஸ்.3231 என்ற கடிகாரச் சிப்புக்கு மாறிவிடலாமே? அதில் படிகம் சிப்புக்குள்ளேயே அடைபட்டிருக்கிறது, உப்பு படிய வெளியே கால் கிடையாது. வெப்பத்துக்கு ஏற்பத் தானே திருத்திக்கொள்ளும். 0 முதல் 40 டிகிரி வரை வருடத்துக்கு ஏறக்குறைய ஒரு நிமிடத்துக்கு மேல் பிசகாது என்கிறார்கள். 1307இன் படிகம் 25 டிகிரியில்தான் ஒழுங்காக இருக்கும். பெட்டிக்குள் 45 டிகிரி ஆனால் நாளொன்றுக்கு ஒரு நொடிக்கு மேல் பின்தங்கும்.

பாம்பன் பழைய ரேடியோ:

நல்ல சிப், புதிதாகச் செய்பவர்கள் அதைத்தான் போட வேண்டும். இந்தப் பலகையில் இடைஞ்சல் வரும். கால்களின் எண்ணிக்கையே வேறு, 8க்கு 16. அதை ஒரு சிறு பலகை வைத்துச் சமாளித்துவிடலாம். நேரம் வைக்கும் முதல் ஏழு அறைகளும் இரண்டிலும் ஒன்றுதான். ஆனால் 1307இல் கூடவே 56 பைட் நினைவகம் இருக்கிறது, அதையும் இந்தச் செல்தான் உயிரோடு வைத்திருக்கிறது. தம்பியின் இகாமத் நேரங்கள் கடிகாரத்தோடு சேர்ந்து அழிகின்றன என்றால், அவை அங்கேதான் உட்கார்ந்திருக்க வேண்டும். 3231இல் அந்த இடம் கிடையாது. அதன் அறைகளில் அலாரமும் கட்டளைகளும் இருக்கின்றன. பலகை இகாமத் நேரத்தை எழுதப் போய் அலாரத்தைக் கிளப்பிவிடும்.

கச்சான்கரை:

தேய்த்து, தாங்கியை மாற்றி, இரண்டு நாள் காயவைத்துப் பூச்சும் அடித்தேன். இன்று காலை அளவு 0.5. பெட்டியின் அடியில் கம்பி நுழையும் ஓட்டை கடலைப் பார்த்தே இருந்தது. அதை ரப்பர் வளையம் வைத்து அடைத்திருக்கிறேன்.

லுஹருக்கு முன் நானே பிளக்கைப் பிடுங்கி ஐந்து நிமிடம் கழித்துச் செருகினேன். 12:11, தேதியும் சரி, இகாமத்தும் அப்படியே. மாமாவிடம் காட்டினேன். "சரி, சரி" என்றார். மஃரிபுக்கு மறுபடியும் வெளியே போய் வானத்தைத்தான் பார்த்தார்.