பூக்கட்டுற பாட்டியை வெச்சு மியூசிக் வீடியோ, காலேஜ் ப்ராஜெக்ட்: எங்க இருந்து ஆரம்பிக்கிறது?

உதிரிப்பூ:

எல்லாருக்கும் வணக்கம். நான் மதுரைல விஸ்காம் (விஷுவல் கம்யூனிகேஷன்) மூணாவது வருசம். இந்த செமஸ்டருக்கு எங்க டீம் அஞ்சு பேரு சேந்து ஒரு மியூசிக் வீடியோ பண்ணிக் குடுக்கணும், வீடியோ 4 நிமிசத்தைத் தாண்டக்கூடாது, கூடவே ரிசர்ச் ஃபைல் ஒண்ணு, அதுக்கும் தனி மார்க் இருக்கு. பாட்டு எங்களோடதுதான், டீம்ல ஒருத்தன் மெட்டுப் போட்டான், க்ளாஸ்மேட் பொண்ணு எழுதி அவளே பாடியிருக்கா. பூக்கட்டி வித்து பேத்தியைக் காலேஜ் வரைக்கும் கொண்டாந்த பாட்டியைப் பத்தின பாட்டு, நெசமாவே அவ பாட்டிதான், கேமரா முன்னாடி உக்கார அவங்களும் சரின்னுட்டாங்க.

பாட்டு இப்ப 3 நிமிசம் 40 செகண்ட், 96 பிபிஎம் (நிமிசத்துக்கு 96 அடி), இன்னும் ஃபைனல் மிக்ஸ் ஆகல. ஒரு மிரர்லெஸ் கேமரா, 50 எம்எம் லென்ஸ் ஒண்ணு, ரெண்டு போன், எல்லாரும் போட்டது சேத்து 12,000 ரூபா இருக்கு. மார்கழி கடைசில ரெண்டு நாள் ஷூட், பொங்கல் லீவு முடிஞ்சதும் சப்மிஷன்.

சந்தேகம் நெறைய இருக்கு. ரிசர்ச்சுக்குன்னு நாப்பது மியூசிக் வீடியோ பாத்து ஸ்க்ரீன்ஷாட் எடுத்து ஒட்டிக் கொண்டுபோனோம், சார் பாத்துட்டு இது ரிசர்ச் இல்லன்னு திருப்பிக் குடுத்துட்டாரு, அப்ப எதுதான் ரிசர்ச்? மீனாட்சியம்மன் கோயிலுக்குள்ள ஒரு சீன் எடுக்கணும்னு ஆசை, பர்மிஷன் எப்படி வாங்குறது? பேத்தி பாடிக்கிட்டே ஸ்லோமோஷன்ல நடந்து வரணும், உதடு பாட்டோட சேருமா? அப்புறம் மெட்டுக்கு அடில ஓடுற தாளம் நெட்ல ஃப்ரீயா கெடச்ச லூப் (திரும்பத் திரும்ப ஓடுற சின்ன ஒலித்துண்டு), ஆரம்பத்துல பாரதியார் வரி ரெண்டு படிக்கிற மாதிரி வெச்சிருக்கோம், யூட்யூப்ல போட்டா பிரச்சினை வருமா? தெரிஞ்சவங்க கொஞ்சம் வெவரமா சொல்லுங்க ப்ளீஸ்.

தெற்குவாசல்:

தம்பி, நானும் விஸ்காம்தான், முடிச்சு எட்டு வருசமாச்சு, இப்ப கல்யாண வீடியோவும் சின்னச் சின்ன விளம்பரமும் பண்றேன்.

நாப்பது வீடியோ பாத்தது வீண் இல்ல, ஆனா ஸ்க்ரீன்ஷாட் ஒட்டுனா அது ஆல்பம். ஒவ்வொரு வீடியோவுலயும் பாட்டுக்கும் படத்துக்கும் என்ன உறவுன்னு எழுதணும். ஆண்ட்ரூ குட்வின்னு ஒருத்தர் 1992-லயே இதை அழகா மூணாப் பிரிச்சு வெச்சிருக்காரு, வரில சொல்றதையே படமும் காட்டுறது ஒண்ணு, வரி சொன்னதுக்கு மேல படம் புதுசா ஒண்ணைச் சேக்குறது ஒண்ணு, வரிக்கும் படத்துக்கும் சம்பந்தமே இல்லாம வேற பக்கம் போறது ஒண்ணு. நீங்க பாத்த நாப்பதையும் இந்த மூணுல போட்டுப் பாருங்க, அப்புறம் உங்க பாட்டை வரி வரியா எடுத்து எந்த எடத்துல எதைப் பண்ணப் போறீங்கன்னு எழுதுங்க. "பூத்தொடுத்தா"ன்னு வரி வர்றப்ப பூத்தொடுக்குறதையே காட்டுனா அது முதல் வகை, அந்த எடத்துல பாட்டி பேத்தியோட ஃபீஸ் ரசீதை மடிச்சு சுருக்குப்பைல வெக்கிறதைக் காட்டுனா அது ரெண்டாவது வகை. இப்படி எழுதிக் கொண்டுபோனா உங்க சார் படிப்பாரு.

ஆனா நான் முக்கியமா சொல்ல வந்தது வேற. பாட்டி வீட்டுக்குப் போனீங்களா? கேமரா இல்லாம? பாட்டு இன்னும் மிக்ஸ் ஆகலன்னு சொன்னது ரொம்ப நல்லது, இப்பவே போங்க. ஒரு நாள் முழுக்க அவங்க பக்கத்துல உக்காருங்க, எப்ப எந்திரிக்கிறாங்க, எந்தப் பக்கம் வெளிச்சம் வருது, பூவை எதுல கொட்டுறாங்க, நாரை எங்க சொருகி வெக்கிறாங்க, கட்டுறப்ப யார்கிட்ட என்ன பேசுறாங்க, எல்லாத்தையும் நோட்ல எழுதுங்க. முக்கியமா கையைப் பாருங்க. மொட்டு ரெண்டு இங்கிட்டு ரெண்டு அங்கிட்டு வெச்சு நாரைச் சுத்தி ஒரு இழு, அதுக்குன்னு ஒரு தாளம் இருக்கு. உங்க பாட்டோட தாளமும் அந்தக் கையோட தாளமும் சேருதான்னு பாத்தீங்களா? 96 பிபிஎம்முக்கு ஏத்த மாதிரி அந்த வயசுல அவங்களை வேகமா கட்டச் சொல்லாதீங்க, அது தப்பு.

கோயிலுக்குள்ள ஷூட்ங்கறதை விட்ருங்க. 2018 தீ விபத்துக்கு அப்புறம் பக்தர்கள் செல்போனே உள்ள கொண்டுபோக முடியாது, கேமராவுக்கு ஸ்டூடன்ட் ப்ராஜெக்ட்னு யாரும் தலையாட்ட மாட்டாங்க. வெளில சித்திரை வீதில கோபுரம் பின்னாடி தெரியிற மாதிரி பாட்டி நடந்து போகட்டும், அதுக்கும் காலேஜ் லெட்டர்பேட்ல கடிதம் வாங்கி போலீஸ் ஸ்டேஷன்ல குடுத்துட்டுப் போங்க, ட்ரைபாடை விரிச்சுக் கூட்டம் சேத்தா கெளம்பச் சொல்லிருவாங்க.

நார்க்கூடை:

நான் வீடியோ ஆள் இல்ல, எங்கம்மா பூ யாவாரம், மாட்டுத்தாவணி மார்க்கெட்ல நானும் கூடப் போயி வளந்தவ. தலைப்பைப் பாத்துட்டு உள்ள வந்தேன்.

தம்பி மார்கழி கடைசின்னு சொல்றியே, அந்த நேரத்துல மல்லி வெல என்னான்னு கேட்டியா? பனிக்கு வரத்து கொறஞ்சிரும், பொங்கலை ஒட்டி கிலோ ஆயிரக்கணக்குல போகும், நீ வெச்சிருக்க 12,000-ல பாதி பூவுக்கே போயிரும். பங்குனி சித்திரைல எடுத்தா மலிவாக் கெடைக்கும், ஆனா உங்களுக்கு சப்மிஷன் இருக்கு. அதனால பாட்டி கைல இருக்கறது, கிட்டக்க தெரியிறது மட்டும் நெசமான மல்லி வாங்கு, ஒரு கிலோ தேவையே இல்ல, கால்கிலோ கொஞ்சம் கூடுனா போதும். தூரத்துல கூடை நெறைய வெள்ளையா தெரியணும்னா காக்கட்டான் வாங்கிப் போட்டுக்க, வெல கம்மி, கேமராவுல எட்ட இருந்து வித்தியாசம் தெரியாது. ஆனா பாட்டிகிட்ட காக்கட்டானைக் குடுத்து மல்லின்னு நடிக்கச் சொல்லாத, பூக்கட்டுறவங்களுக்கு அது மனசுக்கு ஒப்பாது.

இன்னொண்ணு, இது யாரும் சொல்ல மாட்டாங்க. மல்லி நீ நெனக்கிற நேரத்துக்கு நிக்காது. காலைல வர்றது இறுகுன மொட்டு, சாயங்காலம் வாய் தெறக்கும், ராத்திரி முழுசா விரிஞ்சிரும், மறுநாள் பழுப்பு. காலைல கட்டுற சீனை மத்தியானம் பாதி, சாயங்காலம் பாதின்னு எடுத்தீங்கன்னா ஒரு ஷாட்ல மொட்டு அடுத்த ஷாட்ல பூவுன்னு இருக்கும், பூவைத் தெரிஞ்ச எவளும் கண்டுபிடிச்சிருவா. லைட் சூட்டுல வெச்சா இன்னும் சீக்கிரம் விரியும். மொட்டா வேணும்னா ஈரத்துணில சுத்தி தெர்மாகோல் டப்பால ஐஸ் போட்டு வை, ஐஸ் பூ மேல நேரா படக்கூடாது.

டைம்லைன்அக்கா:

மேல அந்தத் தங்கச்சி சொன்னது தங்கம். அப்படியே ஷெட்யூலா எடுத்துக்கங்க, கட்டுறது காலைல, விக்கிறது சாயங்காலம், பேத்தி தலைல வெக்கிறது ராத்திரி. பூவோட ஒரு நாளே உங்க கதை வரிசை, ஷாட்டுக்கு ஷாட் பொருந்துற கன்டினியூட்டி தன்னால வந்துரும். ரெண்டாவது நாளுக்குப் புதுப் பூ.

நான் எடிட்டர், அதனால பாட்டுப் பக்கம் சொல்றேன். முதல்ல பாட்டைத் தாளக்கட்டா எண்ணுங்க. 96 பிபிஎம்னா ஒரு அடி 0.625 செகண்ட், நாலடி தாளத்துல ஒரு பார் 2.5 செகண்ட், 220 செகண்ட் பாட்டுன்னா 88 பார். ஒரு சார்ட்ல 88 கட்டம் போட்டு பல்லவி எத்தனை, இடையிசை எத்தனை, சரணம் எத்தனைன்னு கலர் அடிச்சு, ஒவ்வொரு கட்டத்துலயும் என்ன ஷாட்டுன்னு எழுதுங்க. கட்டம் காலியா இருந்தா அந்த எடத்துக்கு ஷாட் இல்லன்னு அர்த்தம், ஷூட்டிங் முடிஞ்சு எடிட் டேபிள்ல வந்து அதைக் கண்டுபிடிக்கிறது ரொம்பக் கொடுமை, நான் பட்டிருக்கேன்.

ஸ்லோமோஷன்ல உதடு தாராளமா சேரும். எடிட் டைம்லைன் 25 எஃப்பிஎஸ்னா (செகண்டுக்கு 25 ஃப்ரேம்) கேமராவை 50-ல வெச்சு, பாட்டை ரெண்டு மடங்கு வேகத்துல ஸ்பீக்கர்ல விட்டு, அந்த வேகத்துக்கு அந்தப் பொண்ணு பாடணும். எடிட்ல பாதி வேகத்துக்குக் கொண்டாந்தா உதடு சரியா உக்காரும், முடியும் தாவணியும் மட்டும் மெதுவா ஆடும். ஆனா ரெண்டு மடங்கு வேகம் வாய்க்கு ரொம்பக் கஷ்டம், சொல்லு நெருக்கமா இருக்கற சரணத்துல வேணாம், இழுத்துப் பாடுற பல்லவில மட்டும் வைங்க, அவளை ஒரு வாரம் வீட்டுல பழகிட்டு வரச் சொல்லுங்க. வேகமாக்குனப்ப சுருதி ஏறாம ஃபைலை ரெடி பண்ணுங்க, இல்லன்னா கீச்சுக் குரல் கேட்டு அவளுக்குப் பாட்டே பிடிபடாது. ஒவ்வொரு பகுதிக்கும் முன்னாடி நாலு பீப் வெச்சுத் தனித்தனி ஃபைலா போன்ல வெச்சுக்கங்க. கேமராவுல ஸ்பீக்கர் சத்தம் பதிவாகணும், எடிட்ல அதை வெச்சுதான் சேப்போம், ஸ்பீக்கர் அந்தப் பொண்ணு பக்கத்துல இருக்கட்டும். முப்பது மீட்டர் தள்ளி கேமரா நின்னா சத்தம் வந்து சேர ரெண்டு ஃப்ரேம் லேட் ஆகும், அதைக் கண்ணால பாத்து நகத்திக்கலாம்.

போன்ல எடுக்குற ஷாட்ல ஃப்ரேம் ரேட் நிலையா இருக்காது, போகப்போக உதடு விலகும், அதனால லிப்சிங்க் (பாட்டுக்கு உதடு அசைக்கிற ஷாட்) எல்லாம் கேமராவுல, போன் மார்க்கெட் கூட்டத்துக்கு மட்டும். நம்ம ஊரு கரண்ட் 50 ஹெர்ட்ஸ், ட்யூப்லைட்டுக்கு அடில ஷட்டர் ஸ்பீடு 1/50 செகண்ட்லயோ 1/100 செகண்ட்லயோ நில்லுங்க, மாத்துனா படத்துல பட்டை ஓடும். சில மலிவான எல்இடி பல்பு அதுக்கும் அடங்காது, போய்ப் பாக்கறப்பவே ஒரு டெஸ்ட் எடுத்துருங்க.

ஒரே ஒரு கண்டிஷன். ஃபைனல் மிக்ஸ் முடிஞ்ச பாட்டை வெச்சு மட்டும் ஷூட் பண்ணுங்க. அப்புறம் டெம்போவை ஒரு புள்ளி மாத்துனாலும் எடுத்த லிப்சிங்க் அத்தனையும் போச்சு.

கருப்பட்டிமிட்டாய்:

ரைட்ஸ் பத்தி யாரும் சொல்லாததால நான் சொல்றேன். ஒரு பாட்டுல வரி, மெட்டு, ஒலிப்பதிவு மூணுக்கும் தனித்தனி உரிமை. க்ளாஸ் ஆளுங்களோடதுன்னாலும் ஒரு பேப்பர்ல யார் எழுதுனா, யார் மெட்டு, வீடியோ டீம் எங்கெல்லாம் போடலாம்னு எழுதி எல்லாரும் கையெழுத்துப் போடுங்க, சிநேகிதத்துல குறை வெச்சதா ஆகாது. பாட்டிகிட்டயும் இது நெட்டுக்கு வரும், யார் வேணா பாப்பாங்கன்னு வெளங்கச் சொல்லிக் கேட்டுக்கங்க.

பாரதியார் வரிக்குப் பயமே வேணாம், 1949-ல நாட்டுடைமை ஆயிருச்சு, நம்ம சட்டப்படி எழுதுனவர் மறைஞ்சு 60 வருசம்தான் உரிமை, அவர் போனது 1921. ஆனா அந்த வரிக்கு இன்னொருத்தர் போட்ட மெட்டையோ சினிமா ரெக்கார்டிங்கையோ எடுக்காதீங்க, அது வேற உரிமை. நீங்களே படிச்சா சரி.

ஃப்ரீ லூப்தான் சிக்கல். ஃப்ரீன்னு போட்டிருந்தாலும் அதுக்குக் கீழ என்ன நிபந்தனைன்னு படிச்சீங்களா? அதே லூப்பை வேற ஒருத்தர் தன் பாட்டுல வெச்சு கன்டென்ட் ஐடில (யாரோட பாட்டுன்னு யூட்யூப் தானாவே கண்டுபிடிக்கிற ஏற்பாடு) பதிஞ்சிருந்தா உங்க வீடியோ மேல க்ளெய்ம் வரும். 1957 காப்பிரைட் சட்டத்துல காலேஜுக்குள்ள வாத்தியார், மாணவர், பெத்தவங்க முன்னாடி போட்டுக் காட்டுறதுக்கு விலக்கு இருக்கு, யூட்யூப்புக்கு அது செல்லாது. ஒரு பறையோ கஞ்சிராவோ வாசிக்கத் தெரிஞ்ச பையன் உங்க காலேஜ்லயே இருப்பான், கூப்புட்டு வாசிச்சுப் பதிஞ்சுக்கங்க.

உதிரிப்பூ:

எல்லாருக்கும் எப்படி நன்றி சொல்றதுன்னு தெரியல. தெற்குவாசல் அண்ணே, நீங்க சொன்னபடி சனிக்கிழமை பாட்டி வீட்டுக்குப் போனோம், கேமராவை எடுத்துட்டே போகல. வாசப்படில உக்காந்துதான் கட்டுறாங்க, காலைல பத்து மணி வரைக்கும் அங்க வெயில் சாய்வா விழுது, நாங்க உள்ள ஹாலுக்கு லைட் வாடகை எடுக்கலாம்னு போட்டிருந்த கணக்கை அடிச்சுட்டோம். நாரை ஒரு அலுமினியச் சொம்புத் தண்ணில ஊறப் போட்டிருந்தாங்க. பேசிக்கிட்டேதான் கட்டுறாங்க, கையைப் பாக்கறதே இல்ல, தெருவைத்தான் பாக்குறாங்க.

கையை வாட்ச் வெச்சுப் பாத்தோம். ஒரு கட்டுக்கு சுமார் மூணு செகண்ட். எங்க பார் ரெண்டரை செகண்ட். மெட்டுப் போட்டவன் ரொம்ப நேரம் பேசாம இருந்துட்டு அன்னிக்கு ராத்திரியே 80 பிபிஎம்முக்கு எறக்கிப் பாடவெச்சு அனுப்புனான், கேட்டா அதுதான் அந்தப் பாட்டு, முன்னாடி இருந்தது வேற யாரோடதோ மாதிரி இருந்துச்சு. ஆனா ஒரு பார் மூணு செகண்ட் ஆனதும் 88 பாரும் சேந்து 4 நிமிசம் 24 செகண்ட் ஆயிருச்சு, லிமிட்டைத் தாண்டுது. ரெண்டாவது இடையிசை எட்டு பார், அதைத் தூக்கிட்டோம், 80 பார், சரியா 4 நிமிசம். டைட்டில் முன்னிசை மேலயே வந்துரும். லூப்பையும் எடுத்துட்டோம், ஜூனியர் ஒருத்தன் கஞ்சிரா வாசிக்கிறான், வர்ற புதன்கிழமை ரெக்கார்டிங்.

டைம்லைன்அக்கா:

ஒரு பார் மூணு செகண்டுன்னா 25 எஃப்பிஎஸ்ல சரியா 75 ஃப்ரேம், அரை ஃப்ரேம் இடிக்காது, எடிட் பண்றவங்களுக்கு இதைவிட என்ன வேணும். ஆனா பாட்டி கை எல்லா நேரமும் மூணு செகண்ட்ல நிக்காது. அவங்களுக்குப் பாட்டைப் போட்டு அதுக்குக் கட்டச் சொல்லாதீங்க. அவங்க இஷ்டத்துக்குக் கட்டட்டும், விடாம இருவது நிமிசம் எடுங்க, சேர்ற எடத்தை நாம எடிட்ல பொறுக்கிக்கலாம். தெருவைப் பாத்துக்கிட்டே கட்டுற அந்த முகத்தைத் தனியா நெறைய எடுத்து வைங்க.

நார்க்கூடை:

தம்பி, ஷூட்டுக்கு மொத நாளு இங்க ஒரு வரி போடு, அம்மாகிட்ட சொல்லி அரைக்கிலோ மொட்டு எடுத்து வெக்கிறேன், வாங்குன வெலையே குடு. விடிகாலைல வந்துரு, ஏழு மணிக்கு மேல வந்தா பொறுக்குன மிச்சம்தான் இருக்கும். மார்க்கெட்ல படம் எடுக்கணும்னா முந்துன நாளே வந்து சங்கத்துல சொல்லிரு, தூக்குக்கூலி ஆளுங்க வர்ற வழில நிக்காம சுவரோரமா நின்னு எடு. வாழை நார் பாட்டிகிட்ட இருக்கும், இருந்தாலும் ஒரு கட்டு சேத்து வாங்கிக்க, டேக் டேக்கா எடுக்கறப்ப நார்தான் முதல்ல தீரும்.

உதிரிப்பூ:

கண்டிப்பா வர்றோம்கா. அஞ்சு பேரும் வரல, ரெண்டு பேரு மட்டும் வர்றோம், கூட்டம் போட மாட்டோம். தெர்மாகோல் டப்பா ஒண்ணு மெடிக்கல் கடைல சும்மா குடுத்தாங்க, கழுவிக் காய வெச்சிருக்கோம்.