எஃப்எஃப்எம்பெக் திரையில் காட்டுவது வேரியபிளுக்குள் வரவில்லை

பழைய_வண்ணை:
பழைய வண்ணாரப்பேட்டையில் கல்யாண வீடியோ எடிட்டிங் செய்கிறேன். ஒரு முகூர்த்தத்துக்கு மூன்று கேமரா, கிளிப் மலைபோல் குவியும். பில் நிமிடக் கணக்கில் என்பதால், எந்தக் கிளிப் எவ்வளவு நீளம் என்று பட்டியல் போட உபுண்டுவில் பேஷ் ஸ்கிரிப்ட் (கட்டளைகளை வரிசையாக ஓட்டும் ஃபைல்) எழுதினேன். வீடியோவைக் கையாளும் எஃப்எஃப்எம்பெக் கட்டளையை, ஃபைலைச் சொல்லும் '-ஐ' (-i) ஆப்ஷன் போட்டுக் கையால் ஓட்டினால் 'டியூரேஷன்: 00:12:41.36' என்று தெளிவாக வருகிறது. அதையே, கட்டளை தருவதை வேரியபிளில் வாங்கும் $( ) உள்ளே வைத்தால் எல்லாம் திரையில் ஓடுகிறது, வேரியபிள் மட்டும் காலி. வேண்டிய வரியை மட்டும் எடுக்கும் கிரெப்புக்கு பைப் (|) கொடுத்தாலும் வடிகட்டவில்லை. ஏன்?

கொருக்குப்பேட்டை_கீபோர்டு:
ப்ரோ, அது ஸ்டாண்டர்டு எரர் (பிழை, தகவல் செய்திகளுக்கான தனி வழி) வழியாக வருகிறது. $( ), பைப் இரண்டுமே ஸ்டாண்டர்டு அவுட்புட்டை மட்டும்தான் பிடிக்கும். எரரையும் அவுட்புட்டோடு சேர்க்க, கட்டளை முடிவில், பைப்புக்கு முன்னால், 2>&1 சேருங்கள்.

திருவொற்றியூர்_சர்வர்:
அப்படிச் செய்தால் வரும். ஆனால் பில் போடுகிற கணக்குக்கு அந்த வழி வேண்டாம். எஃப்எஃப்எம்பெக் வீடியோவையே ஸ்டாண்டர்டு அவுட்புட்டில் அனுப்பக்கூடியது. அதில் எழுத்து கலந்தால் வீடியோ கெட்டுவிடும் என்பதால்தான் தகவலையெல்லாம் எரர் பக்கம் தள்ளுகிறது. அது மனிதர் படிக்க, ஸ்கிரிப்ட் பிய்த்தெடுக்க அல்ல. அதோடு, அவுட்புட் ஃபைல் கொடுக்காமல் -ஐ மட்டும் போட்டால் அது தோல்விக் குறியோடுதான் முடியும்.

கூடவே வரும் எஃப்எஃப்புரோபைப் பயன்படுத்துங்கள்: -வி எரர் -ஷோ_என்ட்ரீஸ் ஃபார்மேட்=டியூரேஷன் -ஓஎஃப் சிஎஸ்வி=பி=0, அப்புறம் ஃபைல் பெயர். உங்கள் கிளிப்புக்கு 761.360000 என்று விநாடி மட்டும் வரும், ஸ்டாண்டர்டு அவுட்புட்டிலேயே. இங்கே 2>&1 போடவே போடாதீர்கள். ஒரு கிளிப் பழுதாக இருந்தால் எரர் வரி எண்ணோடு கலந்துவிடும். 2>> கொடுத்து எரரைத் தனி லாக் ஃபைலுக்கு அனுப்புங்கள்.

வேரியபிளில் வாங்கிய அடுத்த வரியிலேயே $? (கட்டளை வெற்றியா தோல்வியா என்று சொல்லும் குறி) பாருங்கள். ஃபங்ஷனுக்குள் எழுதினால் வேரியபிளின் 'லோக்கல்' அறிவிப்பைத் தனி வரியில் வையுங்கள். ஒரே வரியில் போட்டால் $? லோக்கலின் வெற்றியைத்தான் சொல்லும், எஃப்எஃப்புரோபின் தோல்வி மறைந்துவிடும். இதைப் பலர் கவனிப்பதே இல்லை.

'தாலி கட்டு 2' மாதிரிப் பெயரில் இடைவெளி இருந்தால் வேரியபிளை இரட்டை மேற்கோளுக்குள் வையுங்கள். மொத்தம் கூட்ட 'ஆக்' (awk) கட்டளை சரி. பேஷுக்குத் தசமம் கூட்ட வராது.

பழைய_வண்ணை:
பட்டியல் சுத்தமாக வந்துவிட்டது, ரொம்ப நன்றி அண்ணா. அதே பட்டியலை, வரிவரியாகப் படிக்கும் 'வைல் ரீட்' லூப்பில் கொடுத்து எஃப்எஃப்எம்பெக்கால் சின்ன சைஸ் காப்பி எடுக்கிறேன். முதல் கிளிப் முடிந்ததும், அடுத்த பெயரில் முன் எழுத்துகள் இல்லாமல் 'ஃபைல் இல்லை' என்கிறது.

திருவொற்றியூர்_சர்வர்:
அந்த எழுத்துகளை எஃப்எஃப்எம்பெக்தான் தின்றிருக்கிறது. ஓடும்போது 'க்யூ' அழுத்தினால் நிற்க வேண்டுமே, அதற்காக அது ஸ்டாண்டர்டு இன்புட்டைப் படித்துக்கொண்டே இருக்கும். உங்கள் லூப்புக்குப் பட்டியல் வருவதும் அதே வழியில்தான். -நோஎஸ்டிடிஇன் (-nostdin) சேருங்கள், அதைப் படிக்காது.

பழைய_வண்ணை:
சேர்த்துவிட்டேன், வரிசையாக ஓடுகிறது. நாளைக்கு ராயபுரம் ரிசப்ஷன் கிளிப்பையும் இதிலேயே போடுகிறேன்.